முப்பத்து மூன்றின் முதுகு

அத்தியாயம் நான்கு

"இவன் கோல்கீப்பரா, இல்ல கோல் கம்பத்துல சாத்தி வெச்ச கோணிப்பையா?" என்றான் ஓனி ஹகாலா.

ஓர்னெல்லாவின் செல்போனில் அந்த வீடியோவை அவன் பார்ப்பது இது பதினோராவது தடவை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் பன்றி வறுவல் அடைத்த பன். வாய் நிறைய பன் இருந்தும் நக்கலுக்கு அங்கே இடம் ஒதுக்கி வைத்திருந்தான்.

"பாஸ், இந்த ஏழாவது ஷாட்டப் பாருங்க. வட்டு உள்ள போயி, கோட்டக் கழட்டி மாட்டிட்டு, சாஞ்சு உக்காந்தப்புறம்தான் நம்மாளு கால மடக்குறான்."

ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த ஓர்னெல்லா பியாசா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் நிக்கல் சுரங்கங்களுக்காகக் காப்பீட்டு மோசடிகளை விசாரித்தவள். இடுப்பு போய்விட்டது என்று மனு எழுதிவிட்டு மறுநாளே கூரையேறிப் பனி வாருகிற ஆட்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். நிஜத்தையும் நடிப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் அவளுக்குச் சோறு போட்டது. இப்போது ஓனியை உதவிக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துவதும் அந்தத் தெம்பில்தான்.

"ஒண்ணு இடிக்குது ஓனி," என்றாள். "வேணும்னே கோல் விடறவன் இவ்வளவு உழைக்க மாட்டான். இவன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் உயிரக் குடுத்துப் பாயறான்."

"உயிரக் குடுத்தா இப்படி ஆடறான்? அப்ப அந்த உயிரையே மாத்தணும் பாஸ்."

"அது நான் இல்ல," என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

ஓனி பன்னை விழுங்கினான். ஜீல் ரேன்வில் பின்னால் உட்கார்ந்திருப்பதை அவன் மறந்தே போயிருந்தான். முப்பத்தெட்டு வயது, பதினெட்டு சீசன், மூக்கில் இரண்டு பழைய முறிவு. சட்பரி ஸ்மெல்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதல் கோல்கீப்பர். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நடக்கிற மேட்ச்தான் அவர் வாழ்க்கையின் கடைசி மேட்ச்.

ஆட விட்டால்தான்.

நான்கு நாளைக்கு முன்பு லீக் தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் போயிருந்தது. 'ஜீல் ரேன்வில் வேண்டுமென்றே கோல் விடுகிறார். அதற்குப் பயிற்சிகூட எடுக்கிறார். மார்ச் பதினொன்றாம் தேதி காலை எடுத்த படத்தைப் பாருங்கள்.' கூடவே இந்த வீடியோ. அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து, பாதி விளக்கில், கோல்கீப்பருக்குப் பின்னாலிருந்து எடுத்தது. முகமூடி தெரியாது. முதுகு தெரியும், முதுகில் 33 தெரியும். ஸ்மெல்டர்ஸில் 33 என்றால் ரேன்வில்தான்.

டொராண்டோவிலிருந்து விட்கம் என்ற ஒழுங்கு அதிகாரி வந்திருக்கிறார். பன்னிரண்டரைக்கு விசாரணை. குற்றம் என்று அவர் முடிவு செய்தால் ஆயுள் தடை. பதினெட்டு வருஷப் பெயரும் ஒரே மத்தியானத்தில் போய்விடும். மார்ச் பதினொன்று காலை ஜீல் வீட்டில் தனியாக, முழங்காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு படுத்திருந்தார். சாட்சி சொல்ல ஒரு பூனைகூட அவர் வீட்டில் இல்லை.

"மணி பதினொண்ணு," என்று காரை விட்டு இறங்கினாள் ஓர்னெல்லா. "வாங்க. படம் எங்கிருந்து எடுத்தான்னு பார்ப்போம்."

அரங்க வாசலில் அதற்குள் கூட்டம். ஏப்ரல் சேற்றில் பாதி உருகிய பனியை மிதித்துக்கொண்டு ஜனங்கள் ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் ஜெர்ஸியில் 'ஓக்ஸ்' என்று எழுதியிருந்தது. ஸ்மெல்டர்ஸில் அப்படி ஒரு ஆட்டக்காரரே கிடையாது. டெவின் ஓக்ஸ் பதினேழு வயதுப் பிள்ளை, இன்னும் எந்த அணியிலும் சேராதவன். நூறு வருஷத்துக்கு ஒருமுறை பிறக்கிற ஆட்டக்காரன் என்று நாடே அவனைத் தலையில் வைத்து ஆடுகிறது. மே மாதம் லீக் குலுக்கல் போடும். கண்ணாடிக் கூண்டில் பதினான்கு பந்துகள் குதிக்கும். ஓக்ஸை யார் எடுப்பது என்று அவை சொல்லும். லீக்கில் கடைசி இடம் வருகிற அணிக்குத்தான் அந்தக் குலுக்கலில் அதிக வாய்ப்பு.

பட்டியலில் கடைசிக்கு முந்தினது ஹாமில்டன். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கடைசியில் இருப்பது சட்பரி. இன்றைய கடைசி மேட்ச் இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவில். தோற்றால் மகுடம், ஜெயித்தால் நாசம். இப்படி ஒரு கூத்தை எந்த ஊர் திருவிழாவிலும் பார்க்க முடியாது.

"தோத்துடு சட்பரி! தோத்துடு சட்பரி!" என்று தாளம் போட்டது கூட்டம்.

தெர்மாஸ் பிளாஸ்கோடு ஒரு பெண்மணி ஜீலை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தாள். "ஜீல், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. என் பையனுக்கு உங்க பேர்தான் வெச்சிருக்கேன். ஆனா இன்னிக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டு நில்லுங்களேன்."

"நான் வேலைக்குப் போறேம்மா," என்றார் ஜீல். "வேலையில தூங்கற பழக்கம் எனக்கில்ல."

"ஊருக்காக!"

"ஊருக்காகத்தான் பதினெட்டு வருஷமா அடி வாங்கறேன். உங்க பையனக் கேட்டுப் பாருங்க. வேணும்னே தோக்கறதுக்கா என் பேர வெச்சீங்கன்னு."

அவள் கையை விட்டுவிட்டாள். முகம் சுருங்கிப்போயிற்று. ஓனிக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

வாசல் காவலாளி ஓர்னெல்லாவை நிறுத்தினான். ஓனி சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, மந்திரி மாதிரி நீட்டினான். "அவசர கோல்கீப்பர். அவங்க என்னோட ஆளு."

இந்த அட்டைதான் ஓனியின் பூர்வ ஜன்ம புண்ணியம். லீக்கில் ஒரு சட்டம் உண்டு: ஒரு அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் விழுந்துவிட்டால், அரங்கத்தில் தயாராக இருக்கிற ஓர் உள்ளூர்க்காரன் கை கால் காப்பு உறையை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பல் வைத்தியர், பஸ் டிரைவர், யாராகவும் இருக்கலாம். சட்பரியில் அது ஓனி. சின்ன லீக்குகளில் ஒன்பது சீசன் மாற்றுக் கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்தவன். ஒன்பது சீசனில் அவன் ஆடியது மொத்தம் பதினோரு நிமிஷம். நாலு வருஷமாக இந்தப் பட்டியலில் இருக்கிறான். மேட்ச்சுக்கு ஒரு தடவைகூட யாரும் கூப்பிட்டதில்லை. பயிற்சிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை.

"பிப்ரவரி பதினேழு," என்று படியேறும்போதே ஆரம்பித்தான்.

"நாப்பது தடவ கேட்டாச்சு," என்றாள் ஓர்னெல்லா.

"ஜீல் கேக்கலையே! ஜீல், அன்னிக்கு உங்களுக்கு ஏதோ லீவு. பொது மேலாளர் ஹால்டன் இருக்காரே, அவரே நேர்ல வந்தாரு. 'ஓனி, ஒரு கால் மணி நேரம் நில்லு'ன்னு சொல்லி, மடிச்ச ஜெர்ஸிய எடுத்து அவரே என் தலை வழியா மாட்டி விட்டாரு. பெரிய மனுஷன், தன் கையால! அன்னிக்கு வந்த ஷாட்டுல பாதிக்கு மேல புடிச்சேன். பசங்களே அசந்துபோயிட்டாங்க."

ஓர்னெல்லா படியில் ஒரு கணம் நின்றாள்; பிறகு ஏறினாள்.

கடைசி வரிசை, நூற்றுப் பதினான்காம் பகுதி. போனை உயர்த்திப் பிடித்துக் கீழே இருக்கிற ஐஸோடு பொருத்திப் பார்த்தாள். இங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. படத்தின் கடைசிப் பத்து விநாடியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையே பாஸ். வேலை முடிஞ்சு வெளிய போறாங்க."

"ஒண்ணுமே இல்லாத இடத்துலதான் ஜனங்க நடிக்க மறந்துடுவாங்க." போனை அணைத்தாள். "வா, கீழ பெஞ்ச் வரைக்கும் போவோம்."

ஐஸ் காலியாக இருந்தது. தடுப்புப் பலகையை ஒட்டி ஆட்டக்காரர்களின் பெஞ்ச். பெஞ்சிலிருந்து ஐஸுக்குப் போக இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னக் கதவு. மூன்று பேரும் ஐஸின் ஓரமாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து அந்தக் கதவுக்கு வந்தார்கள்.

ஓனி இரண்டு அடி முந்திப் போய்த் தாழ்ப்பாளைத் தட்டினான். கதவை வெளியே இழுத்து, இடது முழங்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஜீலின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினான். அப்புறம் ஓர்னெல்லாவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஓர்னெல்லா நகரவில்லை.

"என்ன பாஸ்? குளிருது, வாங்க."

"இப்ப என்ன பண்ணினே நீ?"

"கதவத் திறந்தேன். பெஞ்ச் கோல்கீப்பர் வேலையே அதான? ஒன்பது வருஷம் இதத்தான் பண்ணினேன். ஆள் மாறும்போது திறக்கணும், முதுகுல தட்டணும், கடைசி ஆள் போறவரைக்கும் புடிச்சுக்கணும். தூக்கத்துலகூடப் பண்ணுவேன்."

"ஜீல்," என்றாள் அவள், ஓனியைப் பார்த்துக்கொண்டே. "நீங்க கடைசியா இந்தக் கதவ எப்ப திறந்தீங்க?"

ஜீல் யோசித்தார். "நானா? நான் முதல் கோல்கீப்பர். நான் வலையில நிப்பேன். எனக்குத்தான் திறந்து விடுவாங்க. இந்தத் தாழ்ப்பா எந்தப் பக்கம் தட்டணும்னுகூடத் தெரியாது."

ஓர்னெல்லா போனை எடுத்து ஓனியிடம் கொடுத்தாள். கடைசிப் பத்து விநாடி. படத்தில் பயிற்சி முடிந்திருந்தது. 33 எண் ஆள் மற்றவர்களை முந்திக்கொண்டு கதவுக்கு விரைந்தான். தாழ்ப்பாளைத் தட்டினான். இடது முழங்கையால் பிடித்துக்கொண்டான். போகிற ஒவ்வொருத்தன் முதுகிலும் ஒரு தட்டு. கடைசி ஆள் போகிறவரை அப்படியே நின்றான்.

ஓனி ஒரு முறை பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"என் ஜெர்ஸியில நம்பரே இல்ல பாஸ்," என்றான், குரல் கம்மி.

"மடிச்சதத் தலை வழியா அவர் மாட்டி விட்டாருன்னு நீதான சொன்னே? உன் முதுக நீ எப்படிப் பார்த்திருப்பே?"

"ஆனா அன்னிக்கு நான் பாதிக்கு மேல..." நிறுத்திக்கொண்டான். ஏழாவது ஷாட் அவன் கண் முன்னால் வந்து நின்றது. "அப்ப, அந்தக் கோணிப்பை..."

"நீதான்டா."

ஜீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று ஓனிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு மணி நேரமாகத் தன்னையேதான் கிழிகிழி என்று கிழித்திருக்கிறான். அதைவிட வலித்தது பிப்ரவரி பதினேழு. நாற்பது தடவை சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்த அந்த ஒரு கால் மணி நேரம், அவனிடம் இருந்த ஒரே பெருமை, இப்போது உள்ளங்கையில் ஒளிர்கிற நாலு அங்குலக் கண்ணாடிக்குள் தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"ஓனி! உன்னத்தான்பா தேடிட்டிருக்கேன்!"

ஆட்டக்காரர்கள் ஐஸுக்கு வருகிற சுரங்கப் பாதையிலிருந்து கீத் ஹால்டன் வந்தார். பொது மேலாளர். பளபளப்பான காலணி, அதைவிடப் பளபளப்பான பல். ஜீலைப் பார்க்காத மாதிரி ஓனியின் தோளில் கை போட்டார்.

"நம்ம ரெண்டாவது கோல்கீப்பர் டோமாஷுக்குக் காலையிலேர்ந்து வயிறு சரியில்ல. எழுந்திரிக்கவே முடியல. ஜீல் விஷயம் உனக்குத் தெரியும். இன்னிக்கு வலையில நீதான் நிக்கப் போற. முழு மேட்ச். டிவி, பதினஞ்சாயிரம் ஜனம். போய் உறைய மாட்டு."

ஓனிக்கு நாற்பத்தோரு வயசு. மேல் லீக். முழு மேட்ச். ஐந்து வயதில் வீட்டுக்குப் பின்னால் உறைந்த குட்டையில் நின்றபோதே கேட்ட வரம். அது இதோ, இந்த ஆளின் வாயிலிருந்து வருகிறது. சும்மா இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி வரை சும்மா இருந்தால் போதும்.

ஹால்டன் போன பிறகு ஓர்னெல்லா ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீலும் பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் ஓனியால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் எதாவது திட்டித் தொலைங்களேன்," என்றான்.

"என்னத்தத் திட்டறது?" என்றார் ஜீல். "உன் இடத்துல நான் இருந்தா எனக்கும் ஆசை வரும். அத யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது ஓனிக்கு.

பன்னிரண்டரை மணி. மருத்துவ அறைக்குப் பக்கத்துச் சின்ன அறை. விட்கம் ஒல்லியான, சிரிப்பு என்ற சமாச்சாரத்தையே டொராண்டோவில் விட்டுவிட்டு வந்த மாதிரியான ஆள். எதிரே ஹால்டன், கவலை தோய்ந்த முகத்தோடு. ஜீலுக்காக அவர் இதயம் உடைந்துபோயிருக்கிறதாம். அதைச் சொல்லும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க தரப்புல சாட்சி இருக்கா?" என்றார் விட்கம்.

ஓர்னெல்லா வாயைத் திறப்பதற்குள் ஓனி எழுந்துவிட்டான்.

"அந்தப் படத்துல இருக்கறது நான் சார். மார்ச் பதினொண்ணு இல்ல, பிப்ரவரி பதினேழு. ஜெர்ஸிய மாட்டி விட்டது இதோ உக்காந்திருக்காரே, இவர்தான். தேதிய ஏன் மாத்தினாருன்னு இவரையே கேளுங்க."

"பிப்ரவரி பதினேழு ஜீல் எங்க இருந்தார்னு கிளப் டாக்டர் நோட்டுலயே இருக்கு," என்றாள் ஓர்னெல்லா. "முழங்கால் ஊசிக்காக ஆஸ்பத்திரியில. அந்தத் தேதியக் கடிதத்துல எழுதினா படம் செல்லாது. அதனாலதான் மார்ச்."

ஹால்டன் சிரித்தார். "நண்பனுக்காகப் பொய் சொல்றான், பாவம். விட்கம், நீங்களே படத்தப் பார்த்தீங்க. நிஜமா முயற்சி பண்ற எவனாவது அவ்வளவு மோசமா ஆட முடியுமா?"

விட்கம் ஓனியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "எனக்கும் அதே சந்தேகம்தான். பட்டியல்ல இருக்கற கோல்கீப்பர் அந்த அளவுக்கா இருப்பார்?"

"ஐஸ்ல நிறுத்திப் பார்த்துடுவோம்," என்றாள் ஓர்னெல்லா. "அதே பயிற்சி, அதே பன்னிரண்டு ஷாட், அதே ஜெர்ஸி. நீங்க கடைசி வரிசையில நின்னு படம் எடுங்க."

"மேட்ச்சுக்கு முன்னாடி என் கோல்கீப்பரக் களைப்பாக்க நான் விட மாட்டேன்!" என்றார் ஹால்டன்.

"ஹால்டன், இவன் நல்லா ஆடறவன்னா பன்னிரண்டு ஷாட்டுக்கு நீங்க ஏன் பயப்படணும்? மோசமானவன்னா, முழு மேட்ச்சுக்கு இவன எதுக்கு எறக்கறீங்க?" என்றாள் ஓர்னெல்லா.

விட்கம் கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஜெர்ஸி மாட்டும்போது ஓனி மெல்லக் கேட்டான்: "பாஸ், எல்லாத்தையும் விட்டுடறேன். பன்னிரண்டையும். சரியா?"

"விட்டே, கொன்னுடுவேன்." ஓர்னெல்லா அவன் கழுத்துப் பட்டியை இழுத்து நேராக்கினாள். "நடிச்சா அந்த ஆள் கண்டுபுடிச்சுடுவான். என்னாலயே கண்டுபுடிக்க முடியும். வர்ற ஒவ்வொண்ணையும் புடிக்கப் பாரு. நிஜமா. இந்தக் கட்டடத்துல வேணும்னே தோக்கறவங்க போதும். நீயும் அதுல சேராத."

"அப்ப நான் எல்லாத்தையும் புடிச்சுட்டா? ஜீல் காலி."

"புடி பார்க்கலாம்," என்றாள்.

அரங்க வாசல் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாலாயிரம் பேராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று ஆட்டக்காரர்கள் வட்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஓனி கம்பத்தைத் தட்டிக்கொண்டு குனிந்தான்.

முதல் ஷாட் கால் இடுக்கில் போனது. இரண்டாவது தோளுக்கு மேலே. அவன் பாய்ந்தான், மடங்கினான், புரண்டான். ஊரே பார்க்க, உள்ளது அத்தனையும் கொடுத்தான். மூன்றாவது ஷாட் கையுறைக்குள் வந்து அறைந்தது. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. கையைத் தூக்கிக் காட்டினான். நாலாவது வட்டு அந்தக் கையின் கீழாகவே உள்ளே போயிற்று. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. ஏழாவதுக்கு அவன் காலை மடக்கியபோது வட்டு ஏற்கெனவே வலையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் எட்டாவதுக்கும் பாய்ந்தான். பன்னிரண்டாவதுக்கும் பாய்ந்தான். பதினொன்று உள்ளே, ஒன்று கையில்.

முடிந்ததும் யோசிக்காமல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தட்டி, முழங்கையால் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் முதுகிலும் தட்டி அனுப்பினான்.

விட்கம் கீழே இறங்கி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. வரும்போது இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே வந்தார்.

"உலகத்துல ரெண்டு பேர் இப்படி விழ முடியாது," என்றார். "கதவத் தட்டற தட்டுகூட மாறல. ஹால்டன், பிப்ரவரி பதினேழு பயிற்சிக்கு யார் யார் இருந்தாங்கன்னு இனிமே நான் ஒவ்வொருத்தராக் கேக்கணுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

ஹால்டனின் பற்கள் உள்ளே போய்விட்டன. "நான் யாருக்காகப் பண்ணினேன்?" என்று கத்தினார். "இந்த ஊருக்காக! வெளிய போய்ப் பாருங்க, எவனாவது ஜெயிக்கணும்னு கேக்கறானா? நல்ல ஆட்டக்காரங்க எல்லாரையும் வித்தாச்சு, மீதிப் பேருக்கு ஓய்வு குடுத்தாச்சு. அப்பவும் இந்தக் கிழவன் கடைசி அஞ்சுல மூணு மேட்ச்ச ஒத்தை ஆளா ஜெயிச்சுக் குடுக்கறான்! உக்கார வெச்சா லீக் கேள்வி கேக்கும். வேற என்ன வழி? ஓக்ஸ் வந்தா பத்து வருஷம் இந்த ஊர் ராஜா!"

"கடைசி இடம் வந்தாலும் அந்தக் கூண்டுல உங்களுக்கு நாலுல ஒரு வாய்ப்புதான்," என்றாள் ஓர்னெல்லா. "நாலுல மூணு தடவ அந்தப் பையன் வேற ஊருக்குப் போயிடுவான். அந்த நாலுல ஒண்ணுக்காக ஒரு மனுஷனோட பதினெட்டு வருஷத்தத் தூக்கிக் குப்பையில போட்டீங்க. டோமாஷுக்கு நிஜமாவே வயிறு சரியில்லையா, இல்ல அதுவும் நீங்க எழுதின கடிதமா?"

ஹால்டனை அரங்கத்தை விட்டு வெளியேறச் சொன்னார் விட்கம்; மீதி திங்கட்கிழமை, வக்கீல்களோடு. பிறகு ஜீலின் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். ஜீல் அந்தக் கையைப் பார்த்தார். குலுக்கவில்லை.

"உறை மாட்டணும்," என்றார். "நேரமாச்சு."

டோமாஷ் இல்லாததால் மாற்றுக் கோல்கீப்பராக ஓனி பெஞ்சில் உட்கார்ந்தான். தன் பழைய இடம், கதவுக்குப் பக்கத்தில். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இப்போது அந்த வலையில் அவன் நின்றிருப்பான். அது வலிக்கத்தான் செய்தது; வலிக்கவில்லை என்று அவனே தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

ஆட்டத்தின் முதல் பகுதியில் ஹாமில்டன் வட்டை அடித்தபோதெல்லாம் சொந்த ஊர் ஜனமே கை தட்டியது. ஜீல் தடுத்தபோதெல்லாம் கூச்சல் போட்டது. ஜீல் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது, கடைசிப் பகுதிக்குள் முப்பத்தாறு ஷாட் ஆகியிருந்தது, ஒன்றுதான் உள்ளே போயிருந்தது. ஸ்மெல்டர்ஸின் மிச்சசொச்ச ஆட்டக்காரர்கள், யாருக்கும் பெயர்கூடத் தெரியாத பசங்கள், அந்த மனிதரைப் பார்த்து வெட்கப்பட்டோ என்னவோ, இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அரங்கத்தில் சத்தமே இல்லை. பதினைந்தாயிரம் பேருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை.

கடைசி நிமிஷத்தில் ஹாமில்டன்காரன் ஒருவன் தனியாக வந்தான். இடது பக்கம் காட்டி வலது பக்கம் அடித்தான். ஜீல் அந்த ஊசி போட்ட முழங்காலைத் தரையில் பரப்பி, கால் நுனியால் வட்டைத் தட்டி வெளியே அனுப்பினார். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தனியாக, நடுங்கிக்கொண்டு, "ஜீல்!" என்று கத்தியது. ஓனி திரும்பிப் பார்த்தான். தெர்மாஸ்காரி. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் அவள் வரிசை எழுந்தது. அப்புறம் அந்தப் பகுதி. ஹாரன் ஊதியபோது 'ஓக்ஸ்' ஜெர்ஸி போட்டவர்கள்கூட நின்றுகொண்டுதான் இருந்தார்கள். என்னத்துக்குக் கை தட்டுகிறோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கை தட்டினார்கள்.

இரண்டுக்கு ஒன்று. சட்பரி கடைசி இடத்தை இழந்தது.

ஓனி தாழ்ப்பாளைத் தட்டினான். இடது முழங்கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருத்தன் முதுகிலும் தட்டினான். கடைசியாக ஜீல் வந்தார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், முகமெல்லாம் வேர்வை. கதவருகே நின்று, ஓனியின் முழங்கையை விலக்கிவிட்டு, கதவைத் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீ முன்னாடி போ. நான் புடிச்சுக்கறேன்."

ஓனிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான்.

"கதவ விடுங்க ஜீல். மேலேர்ந்து எவனாவது படம் எடுத்தா, நான்தான் நாப்பது ஷாட்ட நிறுத்தினேன்னு லீக்குக்குக் கடிதம் போட்டுடுவான்."

ஜீல் கதவை விடவில்லை.